ஒரு சொல்லின் பத்தொன்பது வழக்குகள்

டீ நன்றாக இருந்தது. இலை இன்னும் கொஞ்சம் கொதித்திருக்கலாம், சர்க்கரையும் அரைக் கரண்டி கூடுதல். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. கொண்டுவந்து வைத்தவர் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "குட்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. இப்போதெல்லாம் குட் என்றால் யாருக்கும் போதுவதில்லை. எக்ஸலென்ட் என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்தச் சொல்லை அப்படி வாரி இறைக்கிற வீட்டில் நான் வளரவில்லை.

என் அண்ணனைப் பற்றித்தானே கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் கல்லூரியில் முப்பத்து நான்கு வருஷம் ஆங்கிலம் கற்பித்தவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அரைமார்க்கு. எவ்வளவு நன்றாக எழுதினாலும் எங்காவது ஓர் இடத்தில் அரை மதிப்பெண்ணைக் கிள்ளிவிடுவார். எக்ஸலென்ட் என்ற சொல்லில் மட்டும் அவருக்குத் தனிப் பிடிவாதம். அது மிஞ்சி நிற்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வருகிறது என்பார். யாரை மிஞ்சி, எதில் மிஞ்சி என்று சொல்ல முடியாத இடத்தில் அதைப் போடக் கூடாது. அதற்கு முன்னால் வெரி என்று சேர்க்கவே கூடாது. மொட்டைமாடியில் நிற்கிறவனைப் பார்த்து இன்னும் மேலே ஏறு என்று சொன்னால் அவன் எங்கே ஏறுவான் என்று கேட்பார். வீட்டுக்கு வந்த யாராவது "சாப்பாடு எக்ஸலென்ட்" என்றால், "எந்த வீட்டுச் சாப்பாட்டை மிஞ்சிடுச்சு?" என்பார். வந்தவர் சிரிப்பார். அண்ணன் சிரிக்க மாட்டார். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ரத்தம், சளி, சிறுநீர். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. முப்பத்திரண்டு வருஷம். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிச் சிவப்பு வட்டங்களாகத் தெரியும். எனக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு. அந்தப் பழக்கம்தான் பிறகு வீட்டிலும் உதவியது.

எனக்கு இருபத்தொன்பது வயதில் வெளிநாட்டில் ஒரு வருஷப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. ஏழு பேர் விண்ணப்பித்தோம். விண்ணப்பத்தோடு ஒரு படிவம். நம்மைப் பத்து வருஷமாகத் தெரிந்த, படித்த ஒருவர் அதை நிரப்ப வேண்டும். உறவினராக இருந்தாலும் சரி. நேர்மை, உழைப்பு, பொறுமை, கைச்சுத்தம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் எக்ஸலென்ட். அண்ணன் பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அழகாக ஒரே அளவில் டிக் போட்டார். குட், குட், குட், குட்.

"எல்லாரும் எக்ஸலென்ட்டுனுதான் போடுவாங்கண்ணா. அதான் வழக்கம். குட்டுனு போட்டா ஆளு வேணாம்னு அர்த்தம்" என்றேன்.

"வழக்கம் வேற, அர்த்தம் வேற. ஊரே தப்பா எழுதினாலும் தப்பு தப்புதான். நீ எதுல மத்தவங்களை மிஞ்சி நிக்கறே, சொல்லு. போட்டுடறேன்" என்றார்.

நான் படிவத்தை வாங்கி மடித்து உறையில் போட்டேன். இப்போது கேட்டால் சொல்வேன்.

அந்த இடம் பக்கத்து மேஜையில் இருந்தவளுக்குப் போனது. அவளுடைய கண்ணாடித் துண்டுகளில் பாதிக்குச் சாயமே பிடித்திருக்காது. இதைக் காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதத் துடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. முப்பத்தேழு வருஷம் ஒருத்தி ஒரு படிவத்துக்காகக் கறுவிக்கொண்டு இருப்பாளா? அதற்குப் பிறகும் அண்ணனோடு நல்லபடியாகத்தான் இருந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி இறந்துபோன பிறகு, நானும் ஓய்வு பெற்றதும், அவருடைய மூன்றாம் மாடி வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். அவருக்கு ஒரே மகன். வேறு நாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். நல்ல பிள்ளை. என்னிடம் அத்தை அத்தை என்று உருகுவான்.

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தார், பேனா கீழே விழுந்தது, அவரும் சாய்ந்தார். வலது கை, வலது கால் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது கைத்தடி ஊன்றி நான்கைந்து அடி நடப்பார். நாம் சொல்வதெல்லாம் புரியும். ஆனால் திருப்பிச் சொல்ல அவரிடம் ஐந்தே ஐந்து சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. தண்ணி. வேணாம். போ. மகனுடைய பெயரில் முதல் பாதி. ஐந்தாவதாக, எக்ஸலென்ட்.

எங்கிருந்து அது மட்டும் தப்பிப் பிழைத்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. சிலருக்கு ஒரு கெட்ட வார்த்தை மிஞ்சும், சிலருக்கு ஒரு எண் மிஞ்சும் என்றார். இடது கையால் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். கோடுகள்தான் வந்தன.

வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை மகன் ஏற்பாடு செய்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். கெட்டிக்காரி. அட்டை அட்டையாகப் படம் கொண்டுவருவாள். முதல் நாளே என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், தணிந்த குரலில் விஷயத்தை விளக்கினாள்.

"அம்மா, நான் வாரத்துல மூணு மணி நேரம்தான் இங்க இருப்பேன். மிச்ச நேரமெல்லாம் நீங்கதான் டீச்சர். சார் தண்ணின்னு சொன்னா அந்த நிமிஷமே தண்ணி குடுங்க. வேணாம்னா எடுத்துடுங்க. ஒரு வார்த்தை சொன்னா ஒரு விஷயம் நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த வார்த்தை நிக்கும். சொல்லியும் நடக்கலைன்னா மூளை அதை விட்டுடும்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் பாருங்கள். ஆய்வகத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் சொன்னபடிதான் செய்தேன். அண்ணன் அந்த ஐந்து சொற்களையும் பயன்படுத்தினார். எப்படிப் பயன்படுத்தினார் என்றால், சூப் கொண்டுபோனால் வேணாம். தலை துவட்டப் போனால் வேணாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போ. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், காலை எழுந்ததிலிருந்து மாலைவரை நாற்பத்தொரு போ. அவரைக் கழுவிவிடுகிற கை என்னுடையது. நாற்பத்தொன்றும் எனக்குத்தான். எக்ஸலென்ட் மட்டும் எனக்கு வரவில்லை. அதை ஜன்னலைப் பார்த்துச் சொல்வார், வானொலியில் பாட்டு வந்தால் சொல்வார், அந்தப் பயிற்சிப் பெண் அட்டையைக் காட்டினால் சொல்வார்.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். ஐந்து சொல் வைத்திருக்கிற மனிதன், மிச்சச் சொற்கள் இல்லையே என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பான். ஒரே சொல் என்றால் தேடல் இல்லை, குழப்பம் இல்லை. வீடும் அமைதியாக இருக்கும். இது அவருடைய நன்மைக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

தண்ணி முதலில் போனது. அதுதான் சுலபம், தாகம் பொறுக்காதே. அவர் தண்ணி என்று சொன்னால் நான் டம்ளரோடு நின்றுகொண்டிருப்பேன், கொடுக்க மாட்டேன். திட்ட மாட்டேன், முகம் சுளிக்க மாட்டேன். வெறுமனே நிற்பேன். தடுமாறித் தடுமாறி ஒரு கட்டத்தில் எக்ஸலென்ட் என்பார். உடனே கொடுத்துவிடுவேன். ஒன்பது நாளில் தண்ணி என்ற சொல் அவர் வாயில் வருவது நின்றுவிட்டது. போ அதற்கு அடுத்த வாரம். போ என்றால் நான் போகாமல் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொள்வேன். எக்ஸலென்ட் என்றால் எழுந்து போய்விடுவேன்.

மகனுடைய பெயர்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் முகம் போனில் தெரிந்ததும் அண்ணன் அந்தப் பாதிப் பெயரைச் சொல்லத் தொடங்குவார். நான் கட்டைவிரலால் இணைப்பைத் துண்டித்துவிடுவேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "சிக்னல் சரியில்லைப்பா" என்பேன். எக்ஸலென்ட் என்று சொன்னால் மகன் முகம் அரை மணி நேரம் திரையில் இருக்கும். நான்கு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு மகன், "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டான். அண்ணன் வாயைத் திறந்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார், "எக்ஸலென்ட்" என்றார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னோட பத்தாம் வகுப்பு மார்க்குக்குக்கூட அப்பா இதைச் சொன்னதில்லை அத்தை" என்றான்.

வேணாம்தான் கடைசிவரை மல்லுக்கட்டியது. அதற்கு இரண்டு மாதம் ஆனது. அந்த விவரங்கள் வேண்டுமானால் பிறகு சொல்கிறேன். டீ ஆறிவிடும்.

அதன் பிறகு வீடு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? பழைய மாணவர்கள் பார்க்க வந்தார்கள். ஒருவர், இப்போது பெரிய அச்சகம் வைத்திருக்கிறார், அண்ணன் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "சார், என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு நானே இங்கிலீஷ்ல எழுதினேன். பாத்துச் சொல்லுங்க" என்று படித்துக் காட்டினார். வரிக்கு வரி பிழை. எனக்கே தெரிந்தது. அண்ணன் முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, அந்த ஒரு சொல்தான் வந்தது. அச்சகக்காரர் அழுதேவிட்டார். "இந்த வார்த்தையை வாங்க மூணு வருஷம் தவம் கிடந்தேன் சார்" என்றார். அண்ணன் கண்ணிலும் தண்ணீர். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டென்று அழுகை வரும் என்று நான் விளக்கினேன்.

அச்சகக்காரர் கிளம்பிப் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் காலை உணவுக்குப் பிறகு அண்ணன் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் சொல்வேன். வேண்டுமென்றே தப்பாக. நேற்று நான் கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரி. "சரியா அண்ணா?" என்று கேட்பேன். எக்ஸலென்ட். வெரி எக்ஸலென்ட் என்று வருகிற வாக்கியத்தை எப்போதும் பத்தாவதாக வைத்துக்கொள்வேன். சூப்பில் சில நாள் நான்கு கரண்டி உப்பு போடுவேன். சில நாள் போடவே மாட்டேன். "எப்படி இருக்குண்ணா?" எக்ஸலென்ட். எந்தச் சூப்பை மிஞ்சிவிட்டது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த அளவு மரியாதை எனக்கு உண்டு.

நீங்கள் அந்த நோட்டை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துதான். மறுக்கவில்லை.

ஒரே சொல் என்று நான் சொன்னாலும் அது ஒரே சொல் இல்லை. ஆய்வகத்துக் கண்ணுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் அந்தச் சொல்லைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகப் பயன்படுத்துகிறார் என்று. முதல் எழுத்தை அழுத்தி, மிச்சத்தை விழுங்கினால் தண்ணீர். நடுவில் நிறுத்தி இரண்டாக உடைத்தால் கழிப்பறை. வால் நீண்டு இறங்கினால் வேண்டாம். கடைசி எழுத்தை மேலே தூக்கினால் யார் வந்திருப்பது என்று கேள்வி. வேகமாக இரண்டு முறை என்றால் குளிர்கிறது. நான் ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதினேன். பத்தொன்பது வரை வந்தது. பன்னிரண்டாவது வலி. தொண்டையிலிருந்து வரும், நடுவில் மூச்சு வெட்டும். பதினாறாவது, மகனைக் கூப்பிடு. பத்தொன்பதாவதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டீர்கள். அது என்னைக் கெஞ்சுவது. எழுதக் கூச்சமாக இருந்தது.

புரிந்ததா என்றால் புரிந்தது. எல்லாமே புரிந்தது. ஆனால் வழக்கம் வேறு, அர்த்தம் வேறு. அவர் எக்ஸலென்ட் என்றால் அகராதியில் இருக்கிற எக்ஸலென்ட் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அது அவர் சட்டம்.

பயிற்சிப் பெண்ணுக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அட்டைகளை அடுக்கிப் பையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"முதல் வாரம் அஞ்சு வார்த்தை இருந்துச்சும்மா. என் போன்ல பதிவு இருக்கு. ஏறலைன்னாக்கூடப் பரவாயில்ல, நிக்கணும். இப்படித் தேயக் கூடாது. வீட்ல ஏதாவது நடக்குதா?"

"என்ன நடக்கும்? நான் ஒருத்தி, அவர் ஒருத்தர்" என்றேன்.

"தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை நான் சாரோட தனியா ஒரு மணி நேரம் இருக்கலாமா?"

அன்றே மகனுக்குப் போன் போட்டு, அந்தப் பெண் வந்து போன பிறகு அப்பா ரொம்பச் சோர்ந்துபோகிறார் என்றேன். "உங்களுக்குத் தெரியாதா அத்தை, நிறுத்திடுங்க" என்றான். நிறுத்திவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் கூப்பிடாமலே அவள் வந்தாள். மணியைச் சின்னச் சின்னதாக இரண்டு முறை அழுத்துவாள். அதுவே அவள் என்று சொல்லிவிடும். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றேன். ஆள் இல்லை என்று போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவருக்கும் அந்த மணி தெரியும். இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்தார். கைத்தடி பக்கத்தில் இல்லை, தடுக்கி விழக் கூடாதே என்று நான் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். மேஜை முடிகிற இடம்வரை வந்தார். அங்கிருந்து கதவுக்கு ஆறடி. ஓர் அடி வைத்தார். இரண்டாவது வைத்தார். நான் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தேன். பிடித்திருக்கலாம். கை ஈரமாக இருந்தது.

வலது பக்கமாக விழுந்தார். உள்ளே ஏதோ உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு கத்தினார். பன்னிரண்டாவது.

கதவுக்கு வெளியே அவள், "அம்மா, என்ன சத்தம் அது? கதவைத் திறங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்டூல் விழுந்துடுச்சு. நான் குளிச்சுட்டு இருக்கேன், இப்ப திறக்க முடியாது."

"சார் குரல் கேக்குதே. சார், நல்லா இருக்கீங்களா?"

"எக்ஸலென்ட்" என்றார் அண்ணன் தரையிலிருந்து. "எக்ஸலென்ட். எக்ஸலென்ட்."

"கேக்குதில்ல? போய்ட்டு வாம்மா" என்றேன்.

அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு படியிறங்குகிற சத்தம் கேட்டது. அன்றே மகனுக்கு அவள் போன் செய்ததும், அத்தை பார்த்துக்கொள்வார் என்று அவன் சொன்னதும், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் வேலையை அவள் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதா? கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிடும், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். அப்படியேதான் இருந்தது. கட்டிலுக்குத் தூக்க எனக்கு வலு இல்லை. போர்வையில் உருட்டி, இழுத்து, தரையிலேயே மெத்தை விரித்துப் போட்டேன். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் புரட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாவது. கீழ்வீட்டு அம்மாள் படியில் என்னைப் பார்த்து, "சாருக்கு இப்ப குரல் நல்லா எழும்புது போல. எங்க வீடுவரைக்கும் கேக்குது" என்றார். நானும், ஆமாம், தேறிவருகிறார் என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது, போனில் டாக்டரைக் கூப்பிட்டேன். திரையில் முகம் மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன். "உடம்புல எங்கயாவது வலி இருக்கா சார்?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். "இந்த மனசு இருந்தா போதும்" என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வழக்கம்போல வீடியோவில் வந்தான். அண்ணன் பதினாறாவதைச் சொன்னார், பன்னிரண்டாவதைச் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். "குரல்ல ஒரு தெம்பு வந்திருக்கு அத்தை. எல்லாம் உங்க கைராசி" என்றான்.

பத்தாம் நாள் விடிந்து பார்த்தபோது மூச்சு இல்லை. சான்றிதழுக்காகத் தெருமுனை டாக்டரை அழைத்துவந்தேன். வயதானவர், அவசரப்படாதவர். முழங்கால் போட்டு உட்கார்ந்து போர்வையை விலக்கினார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போர்வையை மெதுவாக மூடிவிட்டு, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒரு இடத்துக்குப் போன் பண்ணணும்மா" என்றார். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

கடைசியாக அவர் என்ன பேசினார் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இரண்டு முறையும் நான் வேறு எதையோ சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். உதட்டில் ஒட்டியிருந்த மருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்தார். வாய் வெகுநேரம் அசைந்தது. பிறகு, "வலிக்குது பொடிசு" என்றார்.

தெளிவாகச் சொன்னார். வலிக்குது என்ற சொல் அந்த ஐந்தில் இருந்ததே இல்லை. பொடிசு என்பது நான். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்படிக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துக்கு நடக்க முடியாமல் நான் வழியில் உட்கார்ந்துவிட்டால், ஏறிக்கோ பொடிசு என்று முதுகைக் காட்டுவார். பெரியவர்களானதும் அந்தப் பெயர் எப்படியோ போய்விட்டது. ஐம்பது வருஷமாவது இருக்கும். அது எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சொல் சேர்ந்தாற்போல் வந்தால் அது ஒரு வாக்கியம், அது வந்துவிட்டால் மிச்சமும் வரும், அந்த நாள் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கம்மா என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவள் எண் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அண்ணன் படுத்திருந்த இடத்திலிருந்தே தெரியும்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது சரியில்லைண்ணா. சரியாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் மறுபடியும் அதையே சொன்னார். நான் காத்திருந்தேன். வெயில் மெத்தைமேல் விழுந்து, சுவருக்கு நகர்ந்து, சுவரிலிருந்தும் போனது. வலிக்குது என்பது முதலில் போய்விட்டது. பொடிசு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் வெறும் உதட்டசைவாகிவிட்டது. நாலேகால் மணிக்கு என் முகத்தை நேராகப் பார்த்து எக்ஸலென்ட் என்றார்.

அழுத்தம் இல்லை, இழுப்பு இல்லை, உடைப்பு இல்லை. அந்த நோட்டில் இருக்கிற பத்தொன்பதில் எதுவும் இல்லை. கல்லூரியில் நின்று உச்சரித்துக் காட்டுவாரே, அதே மாதிரி. அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, அவர் பார்த்ததும் என்னைத்தான். உடனே தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய்தான் இறங்கியது. அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு முறை நான் கேட்டு வாங்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.